பச்சை எழுத்து ஆருடைய ஞாபகம்?

மியூசிக் வீடியோ ஒண்டுக்கு 'பழைய கொம்பியூட்டர் லுக்' வேணும் எண்டு ஆராவது சொன்னா, எடிட் பண்ணுறவருக்கு அதுக்கு மேல ஒரு விளக்கமும் தேவையில்லை. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மினுங்கிற கர்சர், குறுக்கால ஓடுற மெல்லிய கோடுகள், இடைக்கிடை படம் கிழிஞ்ச மாதிரி ஒரு கிளிச். பாட்டு தமிழ், திரையில ஓடுற எழுத்து மட்டும் இங்கிலிஷ். இதைச் சொல்லித்தாற வீடியோ யூடியூப்பில கணக்கில்லாமக் கிடக்கு. இலவச பிளகின் இருக்கு. அரை மணித்தியாலத்தில வேலை முடிஞ்சிடும்.

பூவரசங்குளத்தில நாங்கள் நாலைஞ்சு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக்கு வீடியோ செய்யத் தொடங்கி, இந்த எழுத்து விளையாட்டிலயே ரெண்டு மாதமா மினக்கெட்டுக்கொண்டிருக்கிறம். அந்த மினக்கேட்டில இருந்து எனக்கு வந்த அபிப்பிராயம் இதுதான்: அந்தப் பச்சை எங்கட ஞாபகம் இல்லை, கடன் வாங்கினது. கடன் வாங்கிறது குற்றம் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா எங்களிட்டயே ஒரு பழைய கொம்பியூட்டர் எழுத்து இருக்கு, அதுவும் இதைவிட விசித்திரமானது. அதை விட்டிட்டு ஏன் கடனுக்குப் போவான்?

முதல் பச்சையின்ட கதையைப் பாப்பம். 1981ல ஐபிஎம் தன்ர பிசியோட வித்த 5151 மொனிட்டர் பச்சை மட்டும் காட்டும். திரைக்கு உள்பக்கம் பூசியிருந்த பொஸ்பரின்ட நிறம் அது. படம் செக்கனுக்கு 50 தரம்தான் புதுப்பிக்கப்பட்டது. அந்த வேகத்தில சாதாரண பொஸ்பர் பூசினா கண்ணுக்குத் துடிக்கும் எண்டுதான், வெளிச்சம் கெதியா அணையாத ஒரு வகையைப் போட்டவை. அதால எழுத்து அழிஞ்ச பிறகும் அதின்ட சாயல் கொஞ்சநேரம் நிண்டு மங்கும். இண்டைக்கு பிளகின் காட்டுற 'மினுக்கமும் வாலும்' அந்தத் தொழில்நுட்பச் சமாளிப்பின்ட நிழல். 80 எழுத்து அகலம், 25 வரி உயரம், ஒரு எழுத்துக்கு 9க்கு 14 புள்ளிப் பெட்டி. இந்தப் பெட்டிக்குள்ள 'ணை'யை வைச்சுப் பாருங்கோ, அதுக்குள்ள ஆருடைய எழுத்து இருக்குமெண்டு நினைச்சவை எண்டது விளங்கும்.

பிறகு 1999ல 'த மேட்ரிக்ஸ்' வந்தது. பச்சை மழையாக் கொட்டுற அந்த எழுத்துகளை வடிவமைச்சவர் சைமன் வைட்லி. ஜப்பானியரான தன்ர மனைவியின்ட சமையல் புத்தகங்களைப் பாத்துத்தான் அந்த எழுத்துகளை எடுத்ததா அவரே பின்னாளில சொல்லியிருக்கிறார். உலகமெல்லாம் ஹேக்கர் குறியீடெண்டு நம்பின சாமான், ஒரு வீட்டுக் குசினியில இருந்து வந்தது. எனக்கு இந்தக் கதை நல்லாப் பிடிக்கும். அவர் தன்ர வீட்டுக்குள்ள கையை விட்டு எடுத்திருக்கிறார். நாங்கள் அவர் எடுத்ததைத் திருப்பி எடுக்கிறம்.

சரி, எங்கட வீட்டுக்குள்ள என்ன கிடக்கு? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் 1990களில கரண்டே இல்லை. பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெயே கஷ்டம். அந்தக் காலத்தில அங்க வளந்த ஒராளிட்ட 'பழைய பச்சைத் திரை ஞாபகம் இருக்கா' எண்டு கேட்டா, குப்பி விளக்கைத்தான் காட்டுவார். வவுனியாப் பக்கம் கொஞ்சம் வித்தியாசம். எண்டாலும் எங்களில கனபேர் முதல்முதல் கொம்பியூட்டரைத் தொட்டது 2002 சமாதான காலத்துக்குப் பிறகுதான். ரியூசன் கொட்டில் மாதிரி ஒரு அறை, மூண்டு நாலு மெசின், மணித்தியாலக் கணக்குக்குக் காசு. அந்த மெசினில தமிழ் எண்டா ஒண்டுதான்: பாமினி.

பாமினி எழுத்துருவைப் பாவிச்சவைக்கு இந்தப் பந்தி தேவையில்லை. மற்றாக்களுக்குச் சொல்லுறன். யுனிகோட் எல்லாருடைய மெசினுக்கும் வர முன்னம், கொம்பியூட்டர் தமிழ் எழுத்தைத் தமிழ் எண்டு அறியாது. உள்ளுக்கு இருக்கிறது இங்கிலிஷ் எழுத்து. அதுக்கு மேல தமிழ் உருவம் போட்ட ஒரு சட்டைதான் எழுத்துரு. விசை ஒழுங்கு தமிழ் ரைப்ரைட்டரை ஒட்டினது. தமிழ் ரைப்ரைட்டரைச் செய்தவர் யாழ்ப்பாணத்தில பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. நடு வரிசையில ய, ள, ன, க, ப எண்டு தொடங்கும். அந்தச் சட்டை இல்லாத மெசினில கோப்பைத் திறந்தா, உள்ளுடல் வெளியில தெரியும். 'தமிழ்' எண்டு அடிச்சது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி எண்டு நிக்கும். 'அம்மா' எண்டது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வெளிநாட்டில இருந்து மாமா அனுப்பின ஈமெயில், பள்ளிக்கூட மலருக்கு வந்த கவிதை, கோயில் நோட்டீஸ், எல்லாம் இந்தக் கோலத்தில ஒருக்காவது வந்திருக்கும். அச்சுக்கூடங்களில வேலை செய்த சிலர் சட்டையில்லாமலே அதை வாசிப்பினம்.

எந்த பிளகினும் தராத 'டீகோட் எஃபெக்ட்' இது. மற்றவன்ட வீடியோவில அர்த்தமில்லாத குறிகள் சுழண்டு சுழண்டு கடைசியில ஒரு சொல்லாகும். அந்தக் குறிகள் சும்மா ஏதேதோ. பாமினியில குறிகள் சும்மா இல்லை, அதுக்குள்ள சொல் ஏற்கெனவே இருக்கு. நாங்கள் பாட்டின்ட பல்லவியை முழுக்கப் பாமினியில அடிச்சு, ரைம்ஸ் ரோமன் எழுத்துருவில திரையில விட்டம். ட்ரம் விழுற ஒரு ஃபிரேமில எழுத்துருவை மட்டும் மாத்தினம். அனிமேஷன் ஒண்டுமில்லை, ஒரு வெட்டு. பாத்த பெடியள் சிலருக்கு அது வெறும் கிளிச். ஒருத்தற்ற அண்ணா, முந்தி அழைப்பிதழ் அடிக்கிற கடையில வேலை செய்தவர், வெட்டு வர முதலே வரியைப் பாடிப்போட்டார்.

தமிழ்க் கொம்பியூட்டரின்ட பழசு பாமினியோட தொடங்கினதும் இல்லை. 1980களிலயே கனடாவில சீனிவாசன் செய்த 'ஆதமி' டொஸ்ஸில தமிழ் காட்டினது. மலேசியாவில முத்து நெடுமாறன் 'முரசு' தொடங்கினதும் அந்தப் பத்தாண்டுதான். அதாவது ஐபிஎம்மின்ட அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள தமிழை எப்பிடியாவது நெருக்கி இருத்த, இங்கிலிஷ்காரருக்குத் தேவைப்படாத ஒரு மல்லுக்கட்டு அப்பவே நடந்திருக்கு. 'தமிழ் ரெட்ரோ' எண்டு ஒண்டு இல்லை எண்டு ஆராவது சொன்னா நம்பாதேங்கோ.

அடுத்தது ரைப் அடிக்கிற எஃபெக்ட். ஒவ்வொரு எழுத்தா வந்து விழுறது. இங்கிலிஷுக்கு இது சின்னப்பிள்ளை வேலை. தமிழில இதைச் செய்ய வெளிக்கிட்டா, 'எழுத்து எண்டா என்ன' எண்ட கேள்வியில வந்து நிப்பீங்கள். 'தமிழ்' எங்களுக்கு மூண்டு எழுத்து. யுனிகோட்டுக்கு அஞ்சு குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சும்மா ஒவ்வொரு குறியா வெட்டிற மென்பொருளில விட்டா, முதல் 'தம', பிறகு 'தமி', பிறகு 'தமிழ', பிறகுதான் 'தமிழ்'. சில மென்பொருள்களில, முக்கியமா ஆஃப்டர் எஃபெக்ட்ஸின்ட பழைய பதிப்புகளில, கொம்பும் விசிறியும் கழண்டு தனியப் போகும். தனிய நிக்கிற குறிக்குப் பக்கத்தில அந்தப் புள்ளி போட்ட வட்டம் வரும், எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த வட்டம்.

பைத்தன் தெரிஞ்ச ஒராள் எங்களோட இருந்ததால 'ஓப்பன்-தமிழ்' எண்ட நிரல்தொகுப்பால எழுத்தெழுத்தா ஒழுங்காப் பிரிச்சம். 'கொண்டு' எண்டா கொ, ண், டு. சுத்தமா வந்தது. ஆனா பாத்தா சப்பெண்டு இருந்தது. பிறகு வேணுமெண்டே குறிகுறியா விட்டுப் பாத்தம்: க, கொ, கொண, கொண், கொண்ட, கொண்டு. இப்ப உயிர் வந்திட்டுது. கண் முன்னால ஒரு எழுத்து இன்னொரு எழுத்தா மாறுது, புள்ளி பிந்தி வந்து சத்தத்தை அடக்குது. ஆறு அடி. பாமினியில அடிச்சாலும் ஆறு அடிதான், ஆனா ஒழுங்கு வேற: முதல் கொம்பு, பிறகு க, பிறகு கால். கொம்பு முன்னால தனிய வந்து, எந்த எழுத்துக்கு எண்டு தெரியாம நிக்கும். பாட்டில அந்தச் சொல் ரெண்டு அசை. ஆறு அடியை ரெண்டு அசைக்குள்ள எங்க எங்க போடுறது எண்டதில எங்களுக்குள்ள சண்டை வந்ததே தவிர, பிளகின் எது எண்டதில வரேல்ல. இப்பிடியான சண்டைதான் பிரயோசனமானது எண்டு நினைக்கிறன். எல்லாரும் தமிழைக் காதாலயும் கையாலயும் யோசிக்கத் தொடங்கினவை.

எனக்கு மிச்சம் பிடிச்சது பழைய ரீவிதான். கோடு, மினுக்கம், ஓர வளைவு எல்லாத்தையும் மென்பொருளில செய்யலாம். ஆனா வவுனியாவில திருத்திற கடையளில பின்பக்கம் தள்ளின பெட்டி ரீவி இன்னும் சும்மா கிடக்கு. லப்டொப்பில இருந்து எச்டிஎம்ஐயை ஏவியா மாத்திற ஒரு சின்னப் பெட்டி வாங்கினாப் போதும், எழுத்தை நேரா அந்தத் திரையில விட்டுப் போனால ஷூட் பண்ணலாம். இலங்கையில ரீவி பால் முறை, செக்கனுக்கு 50 தரம். போனின்ட ஷட்டரை 1/50 இல வையுங்கோ, கறுப்புப் பட்டை ஓடுறது அடங்கும். பட்டை ஓடவேணுமெண்டா வேகத்தைக் கூட்டுங்கோ. இது ஒண்டும் ரகசியமில்லை.

ரகசியம் வேற இடத்தில இருந்தது. பால் படத்தில கண்ணுக்குத் தெரியிற வரி 576தான். சின்ன எழுத்தை விட்டா முதல்ல காணாமப் போறது புள்ளி. 'பட்டம்' எண்டது 'படடம' எண்டு தெரியும். நாங்கள் எழுத்தைப் பெருப்பிச்சம், தடிப்பாக்கினம், புள்ளியைத் தனிய வெளுப்பாக்கினம். அப்பதான் ஒண்டு ஞாபகம் வந்தது. ஓலைச்சுவடியில புள்ளி வைக்கிறேல்ல. எழுத்தாணி குத்தினா ஓலை கிழியும் எண்டு புள்ளியை விட்டிட்டுத்தான் எழுதினவை. குறில் கொம்பு, நெடில் கொம்பு எண்ட வித்தியாசமும் அதில தெளிவா இல்லை. அதை ஒழுங்கு செய்தவர் எண்டு 18ஆம் நூற்றாண்டின்ட வீரமாமுனிவரைச் சொல்லுவினம். புள்ளி எங்க, எது மெய், எது உயிர்மெய் எண்டது வாசிக்கிறவரின்ட வாய்க்குத் தெரிஞ்சிருக்கவேணும்.

அப்ப இந்த ரீவி புள்ளியை விழுங்கிறது பழுதில்லை. அது எங்களை 1981க்கு இல்லை, அதுக்கும் எத்தினையோ நூறு வரியம் முன்னால கொண்டுபோய் விடுது. பாட்டுக்காரர் 'பட்டம்' எண்டு பாடுறார், திரை 'படடம' எண்டு காட்டுது, பாக்கிறவர் காதில கேட்டதை வைச்சுப் புள்ளியைத் தானே போடுறார். சத்தமும் எழுத்தும் ஒண்டையொண்டு நிரப்பிற இந்த வேலையை ஒரு பாட்டு வீடியோவைவிட வேற எதில செய்யலாம்? நாங்கள் புள்ளியை வெளுப்பாக்கினதைத் திருப்பி அழிச்சிட்டம்.

படத்தையே எழுத்தாக்கிற அஸ்கி வித்தையும் பாத்தம். வி.எல்.சி பிளேயரில அதுக்கு ஒரு வெளியீட்டு முறை கனகாலமா இருக்கு, காசு செலவில்லை, ஆனா இங்கிலிஷ் மட்டும். அஸ்கியில அச்சாகிற குறி 95தான், அதை மெல்லிசில இருந்து அடர்த்தி வரைக்கும் அடுக்கி வெளிச்சமாக்கிறது. தமிழில நாங்களே அடுக்கினம்: வெறுமை, புள்ளி, ட, ப, ம, பிறகு க, த, பிறகு ண, ஞ. 'ட'வும் 'ப'வும் பிக்சலுக்கெண்டே வெட்டின மாதிரி மூலை. 'ணை', 'ஔ' அடர்த்திக்கு அருமை, ஆனா அகலம் கூட, பெட்டியை உடைக்கும், விட்டிட்டம். ஒரு முகத்தை இப்பிடிச் செய்து காட்ட, கூட்டாளி ஒருத்தன்ட அம்மம்மா அந்தக் கன்னத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினா. அதுதான் தமிழ் எழுத்து மழையின்ட பிரச்சினையும். கட்டகானா மழை எங்களுக்கு அலங்காரம். தமிழ் மழையைத் தமிழ் தெரிஞ்ச கண் வாசிக்காம விடாது. கண்டபடி விழுற எழுத்தில தூஷணம் கூட வந்து நிக்கும் (வந்தது). அதால என்ன எழுத்து விழுது எண்டதையும் நாங்கள்தான் எழுதவேணும்.

'இதெல்லாம் ஆருக்கு விளங்கும், வெளியாக்கள் பாக்கேக்க பச்சை இங்கிலிஷ்தான் எடுபடும்' எண்டு சொல்லுறவைக்கு மாயாவைக் காட்டுறன். எம்.ஐ.ஏ எண்ட மாதங்கி அருள்பிரகாசம், சின்ன வயசில யாழ்ப்பாணத்தில இருந்து பிறகு லண்டனுக்கு அகதியாத் திரும்பினவ. 2010ல வந்த அவவின்ட மூண்டாவது அல்பத்தின்ட பேர் 'மாயா'. அந்தப் பேரைச் சாய்கோடுகளாலதான் எழுதினவ, கீபோட்டில இருக்கிற குறிகளை வைச்சுப் படம் போடுற மாதிரி. அட்டையில அவவின்ட முகத்தை யூடியூப் பிளேயரின்ட பட்டைகள் அடுக்கடுக்கா மறைச்சிருக்கும், கண் மட்டும் தெரியும். 2010 எண்டா எந்த வரியத்துக்கு அடுத்த வரியம் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில எங்கட மண்ணில நடந்ததை உலகம் கண்டது அந்தப் பட்டை ஓடுற சின்னப் பெட்டிக்குள்ளாலதான். அசிங்கமான இணைய எழுத்தை அவ அழகுக்கு எடுக்கேல்ல, எங்கட செய்தி வந்த வழி எண்டு எடுத்தவ எண்டுதான் நான் வாசிக்கிறன். எனக்கு அவவின்ட எல்லாப் பாட்டும் பிடிக்கும் எண்டில்லை. ஆனா சொந்த ஞாபகத்தில இருந்து எடுத்தா வெளியாக்களுக்கு எடுபடாது எண்ட கதை அங்கயே முறிஞ்சுது. இன்னும் ஒண்டு கிடக்கு, தமிழ் எழுத்து. அது எங்களுக்கு மிச்சம்.

இனி, நாங்கள் உண்மையாவே முரண்பட்ட இடம். வீடியோவின்ட நடுவில 'அனுமதி மறுக்கப்பட்டது' எண்டு சிவப்பில ஒரு எழுத்து மினுங்கவேணும் எண்டு ஒருத்தன் கேட்டான். ஹொலிவுட் படத்தில அது ஹேக்கருக்கு வாற தடை, ரெண்டு செக்கனில உடைச்சிடுவான். வவுனியாவில அந்த வசனத்துக்கு வேற வரலாறு. வடக்கில இருந்து வந்த சனம் வவுனியாவில தங்கவும், அங்கால போகவும் பாஸ் எடுத்துத் திரிஞ்ச காலம் இருந்தது. எத்தினை நாளுக்குப் பாஸ் எண்டது ஒரு துண்டில எழுதியிருக்கும். அடையாள அட்டையின்ட ஒன்பது இலக்கத்தையும் கடைசி இங்கிலிஷ் எழுத்தையும் நித்திரையிலயும் சொல்லுவினம். எண்ணும் எழுத்தும் திரையில ஓடுறது எங்கட பெற்றோருக்கு ஒரு 'வைப்' இல்லை. நான் அந்தச் சிவப்பு வசனம் வேண்டாம் எண்டன். அவன் சொன்னான், அதுக்காகத்தான் வேணும் எண்டு. அவன் சொன்னதிலயும் நியாயம் இருக்கு. அந்த ஷொட் இப்ப உள்ளுக்கு இருக்கு, ஆனா மினுங்காது, சிவப்பில்லை. பாமினியில அடிச்ச சின்ன எழுத்து, ரெண்டு செக்கனில்லை, எட்டு செக்கன், அசையாம.

பேர்ப்பட்டியல் மட்டும் நான் விட்டுக்குடுக்கேல்ல. கடைசிச் சரணத்தில பேர்கள் பச்சை மழையா விழுந்து கிளிச்சாகிக் கரையிறது எண்டு ஒரு யோசனை வந்தது. காணாமல் ஆக்கப்பட்டவையின்ட அம்மாமார் 2017 பெப்ரவரியில இருந்து வவுனியா வீதிக்கரைக் கொட்டிலில படங்களோட இருந்தவை. அவை கேட்டுக்கொண்டிருக்கிறதே ஒரு பட்டியலை, அதில பேர் தெளிவாத் தெரியிறதை. அந்தப் பேர்களை எடுத்துக் கரைச்சு அழகு காட்டுற உரிமை எந்த எஃபெக்டுக்கும் இல்லை. கற்பனைப் பேர் போட்டாலும் பாக்கிறவைக்கு வித்தியாசம் தெரியாது. எழுத்தை உடைக்கலாம், வரியை உடைக்கலாம், பாடுறவரின்ட முகத்தை 'ட'வாயும் 'ப'வாயும் உடைக்கலாம். ஆக்களின்ட பேரை உடைக்கேலாது. இதில எங்களுக்குள்ள ஒருத்தி இன்னும் என்னோட கோவம், கலைக்கு எல்லை போடுறன் எண்டு. இருக்கட்டும்.

நிறம் இன்னும் முடிவாகேல்ல. பச்சை வேண்டாம் எண்டதில மட்டும் ஒற்றுமை. 1980களில செம்மஞ்சள் திரை மொனிட்டரும் பாவனையில இருந்தது, அதை ரீவியில விட்டுப் பாத்தா குப்பி விளக்குச் சாயல் வருது, கொஞ்சம் புகையும் சேத்தா இன்னும். ஒருத்தர் அது சினிமாத்தனம் எண்டுறார். பாத்து முடிவெடுப்பம்.

உங்கட வீட்டில 2000களின்ட பள்ளிக்கூட மலர், விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் எண்டு பாமினியில அடிச்ச கோப்பு ஃப்ளொப்பியிலயோ சீடியிலயோ கிடந்தா எறியாதேங்கோ. எங்களுக்கு ஒரு பிரதி தாங்கோ. எழுத்துருவை அதோட சேத்து அனுப்பவேண்டாம்.